மகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது

மேலூர் தாண்டியாயிற்று, இன்னும் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் பம்பர் தெரிகிறது. நேற்று முழுக்கப் புளிக்காய்ச்சல் கிண்டிய கை, விடியுமுன் வேனில் ஏறி அருப்புக்கோட்டை வரை மடக்கியே வைத்திருந்த கால், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சிரித்துச் சிரித்து இழுத்துக்கொண்ட தாடை, எல்லாம் தூங்கு தூங்கு என்கின்றன, தலை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது. எனக்கு நேர் முன்னால் நித்திலா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், அசைந்தால் கலகலவென்கிறது, கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் எனக்குப் பக்கென்கிறது. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு மகளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், மாப்பிள்ளை செழியன் ஓட்டுகிறார், வீடு போய்ச் சேருகிறவரை அவளுக்கும் அவள் வயிற்றில் இருப்பதற்கும் ஒன்றும் ஆகக்கூடாது, எனக்கு இன்றைக்கு வேண்டியது அவ்வளவுதான். எல்லா அம்மாக்களும் இதைத்தான் வேண்டுவார்கள், வேண்டிவிட்டுத் தூங்கியும் விடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் வண்டிப் பிரிவில் உட்கார்ந்து, அடிபட்ட வண்டிகளின் போட்டோவாகவே பார்த்துக் காலத்தைத் தள்ளியவள் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் அது இடித்த பிறகு எப்படி இருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். கல்யாணப் பெண்ணைப் பார்த்ததும் இவள் கிழவியானால் எப்படி இருப்பாள் என்று யோசிக்கிற மாதிரி. நல்ல புத்தி இல்லை இது. ஆனால் சம்பளம் கொடுத்து வளர்த்துவிட்ட புத்தி, ரிட்டயர் ஆனாலும் கூடவேதான் வரும்.

இதோ எங்களை முந்திக்கொண்டு ஒரு பைக் போகிறது. அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. ஹெல்மெட் அப்பாவின் முழங்கையில் மாட்டியிருக்கிறது, முழங்கைக்கு இனி பயமில்லை. பைக் போட்டோதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் அதில் ஒன்றுமே தெரியாது, ஹேண்டில் கொஞ்சம் திரும்பியிருக்கும், ஹெட்லைட் உடைந்திருக்கும், நாளைக்கே எடுத்து ஓட்டலாம் போல இருக்கும், மனிதர்கள் பட்டது போட்டோவில் வராது. ஆட்டோ நசுங்குவதைவிடக் கவிழ்வது அதிகம், அதற்குக் கதவு கிடையாது, உள்ளே இருப்பவரைப் பிடித்துவைக்க ஒன்றும் கிடையாது. வேன் இருக்கிறதே, மூக்கில்லாத வேன், அதில் ஓட்டுகிறவரின் முழங்கால்தான் பம்பர். அப்படி ஒரு வேனில்தான் எங்கள் ஆட்களோடு இவரும் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் தனசேகரன். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் துண்டை விரித்து உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டு வருவார். பின்னால் போய் உட்காருங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது சாமி பொறுப்பில் விட்டாயிற்று. பஸ் பெரிய உடம்பு, எது வந்து மோதினாலும் பெரும்பாலும் மோதியதுதான் போகும், உள்ளே இருப்பவர்களுக்கு முன்சீட்டுக் கம்பியில் பல் போகும், கவிழ்ந்தால் மட்டும் வேறு கதை. ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் என்னிடம் வந்து கேட்பார்கள், "மேடம், கார் வாங்கப் போறேன், எது சேஃப்டி?" எதோடு மோதப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். உண்மை அதுதான். ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார்கூட, ராத்திரியில் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிற்கிற லாரியின் பின்பக்கத்தில் கண்ணாடி உயரத்துக்குப் போய் நுழைந்துவிட்டால் நட்சத்திரத்தை எண்ண ஆளிருக்காது. சே, என்ன நினைப்பு இது. வளையல் சத்தம் கேட்கிறதா? கேட்கிறது. தண்ணீர் பாட்டிலை எடுக்கிறாள்.

கிளம்பும்போது சம்பந்தி வீட்டு வாசலில் நடந்ததை நினைத்தால் இன்னும் அசதி கூடுகிறது. சம்பந்தி தன் பழைய பெரிய வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, தயாராக நிறுத்தியிருந்தார். முன்னால் பனைமரத் தடிமனுக்கு இரும்புக் கம்பி. "எங்க வண்டியில கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. டேங்கு மாதிரி. லாரிக்காரனே பாத்து ஒதுங்குவான். போன வருசம் ஒரு மாட்டுவண்டிச் சுவத்துல சாத்துனேன், சுவரு போச்சு, வண்டியில கீறல் இல்ல" என்றார். மாட்டுக்கொட்டகைச் சுவரைத்தான் அப்படிச் சொன்னார், பெருமையில் வாய் குழறிவிட்டது. கீறல் இல்லாததுதான், சம்பந்தி, பயம் என்று எப்படிச் சொல்ல? இடிக்கிற வேகத்தை யாராவது வாங்கிக்கொண்டுதானே ஆக வேண்டும். வண்டி நசுங்கினால் வண்டி வாங்கிக்கொள்கிறது, வண்டி விறைப்பாக நின்றால் உள்ளே இருக்கிற உடம்பு வாங்கிக்கொள்கிறது. அப்பளமாய் நொறுங்கிய சின்னக் காரின் போட்டோவைப் பார்த்து ஐயோ என்று பதறி, ரிப்போர்ட்டில் ஆட்கள் நிலவரத்தைப் படித்தால் கை எலும்பு முறிவு என்று மட்டும் இருக்கும். கம்பி கட்டிய பெரிய வண்டி அழகாக நிற்கும், ஆட்கள் நிலவரத்தைப் படிக்க வேண்டாம் போல இருக்கும். இதையெல்லாம் நான் அங்கே வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வளைகாப்பு வீடு. சந்தனம் பூசி, வேப்பிலைக் காப்பு கட்டி, ஆரத்தி எடுத்த கை இன்னும் ஈரம் காயவில்லை. விபத்து என்கிற சொல்லை இன்றைக்கு அந்த வீட்டு வாசற்படியில் உச்சரித்தால் சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஜனங்களுக்கு ஆபத்தைவிட ஆபத்தின் பெயர்தான் பயம். அதனால் ஒரு பொய் சொன்னேன். "அவளுக்கு டீசல் வாசனை குடலைப் புரட்டுது சம்பந்தி, ஏறி எறங்கவும் ஒசரம். மாப்பிள்ளையோட சின்ன வண்டியே போதும்." சம்பந்தி மாலையை வாடவிட்டுப் போய்விட்டார். மனம் நொந்திருப்பார், பாவம்.

மாப்பிள்ளை வண்டி நல்ல வண்டி. முன்மூக்கு நசுங்கும், நசுங்க வேண்டிய அளவுக்கு. ஏர்பேக் என்கிற காற்றுப்பை இருக்கிறது. அதன் மூடிமேலேயே, நித்திலாவின் முகத்துக்கு நேரே, ஒரு உலோகப் பிள்ளையாரைப் பசைபோட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். காற்றுப்பை திறந்தால் பிள்ளையார் என்ன வேகத்தில் எழுந்தருளுவார் என்று எனக்குத் தெரியும். "மாப்பிள்ளை, சாமி இவ்வளவு ஓரமா இருக்கக்கூடாது, ஓட்டுறவங்க பாக்குற மாதிரி நடுவுல வைங்க" என்றேன், அவரும் பக்தியோடு பெயர்த்து, ஏர்பேக் இல்லாத இடத்தில் வைத்தார். அது ஒரு வெற்றி. பெல்ட்தான் பெரிய போராட்டம். நித்திலா ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கொக்கியில் மாட்டினாள், வண்டி கூவாமல் இருக்க. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "இவ்வளவு நாளும் இப்படித்தான்மா, வயிறு அமுங்கும்ல" என்றாள். படித்தவள், பாங்கில் வேலை பார்க்கிறவள். சம்பந்தியம்மா பாக்கியலட்சுமி ஓடிவந்தார். "பெல்ட்டா? வயித்துப்பிள்ளைக்காரிக்கா? எங்க பேரப்பிள்ளைய அமுக்கிப் போட்றாதீங்க சம்பந்தி." டாக்டரம்மா சொன்னார்கள் என்றேன், இது பொய்யில்லை, கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, தொடை எலும்புமேல் இறக்கி, மேல்பட்டையை மார்புக்கு நடுவே விட்டு, வயிற்றின் ஓரமாக எடுத்து, நானே மாட்டினேன். சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளினேன். பின் சீட்டில் அவளை உட்காரவைக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன், ஆனால் அங்கே பட்டை தொங்குகிறதே தவிர மாட்டும் கொக்கி இல்லை. புது சீட் கவர் தைத்தபோது கவர் சுருக்கமில்லாமல் உட்காரவில்லை என்று கடைக்காரர் கொக்கிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். "வீட்டுல அலமாரியில பத்திரமா இருக்கு அத்தை. பின்னாடி யாரு பெல்ட் போடுறா?" என்றார் மாப்பிள்ளை. கொக்கி பத்திரமாக இருக்கிறது. சரி, அப்படியானால் முன் சீட்டுதான் என்று தீர்மானித்து, அவளை அங்கே வைத்துக் கட்டி, ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியோடு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். முதுகைச் சாய்த்தேன். கொஞ்சம் தூங்கலாம் என்றுகூட நினைத்தேன்.

தூக்கம் வந்ததா இல்லையா தெரியவில்லை, வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆபீஸ் நாற்காலியில் இருந்தேன், முன்னால் ஒரு போட்டோ, அதில் பின் சீட்டில் மஞ்சள் பை கிடக்கிறது, இன்னார் இல்லத் திருமண விழா என்று அச்சடித்த தாம்பூலப் பை. எத்தனை போட்டோவில் அந்தப் பையைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் கார்கள் விசேஷம் முடிந்து திரும்பும்போதுதான் அதிகம் இடிக்கின்றன என்று எனக்கு ஒரு கணிப்பு, ஓட்டுகிறவருக்கும் பாயசம் போட்டு அனுப்பிவிடுகிறோமே. அப்போது மாப்பிள்ளை "ஏய்" என்று கத்தினார், பிரேக் போட்டார், தவறான பக்கத்தில் ஸ்கூட்டரில் எதிரே வந்த ஒருவர், பின்னால் வெங்காய மூட்டை, எங்களைப் பார்த்துச் சாவகாசமாகக் கையை உயர்த்திவிட்டு ஓரமாகப் போனார். ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. பின் கண்ணாடிக்குக் கீழே, பூ நசுங்காமல் இருக்கட்டும் என்று சம்பந்தியம்மா வரிசையாக வைத்த தாம்பூலப் பைகள் சரிந்தன, ஒரு தேங்காய் என் பிடரியில் ணங்கென்று பட்டு மடியில் விழுந்தது, இன்னொன்று காலடியில் உருண்டது. என் இரண்டு முழங்காலும் முன்சீட்டின் முதுகில் போய் முட்டி நின்றன. "ஏம்மா இடிக்கிற?" என்றாள் நித்திலா, திரும்பாமலே, தூக்கக் குரலில். "ஒண்ணுமில்லடி, தூங்கு" என்றேன். மாப்பிள்ளை ஸ்கூட்டர்காரரைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார். நான் எல்லாத் தேங்காயையும் பொறுக்கிக் காலடியில் சீட்டுக்கு அடியில் செருகினேன். பின்னால் கட்டாமல் இருக்கிற எதுவும் முன்னால் வரும். எத்தனை தடவை படித்த விஷயம், பையில் பூவும் வெற்றிலையும்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன் பார், அசதி, வயசாகிவிட்டது. கட்டாமல் இருக்கிற எதுவும். செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, பின்னால் கட்டாமல் இருக்கிறவள் நான்.

தேங்காய் கால் கிலோ, அரைக் கிலோ. நான் எவ்வளவு? போன வாரம் ஆஸ்பத்திரி மிஷினில் ஏறியபோது நர்ஸ் பார்த்துவிட்டுச் சொல்லாமல் சிரித்தாள். இந்த வேகத்தில் வண்டி நின்று நான் நிற்காவிட்டால், ஒரு நெல் மூட்டையை மாடியிலிருந்து அவள் முதுகில் போட்ட மாதிரி. இடித்த வண்டியைப் பார்க்கப் போகிற சர்வேயர்கள் எழுதுவார்கள், பின் சீட்டில் இருந்தவர் முன்னால் தள்ளப்பட்டதில் முன் சீட் மடங்கியது என்று, ஒரே வரி. எத்தனை வாட்டி படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். சீட் மடங்கும். அவளைப் பெல்ட் பிடித்துக்கொண்டு நிற்கும், நான் பின்னாலிருந்து நெருக்குவேன், நடுவில் அந்த வயிறு. நான்தான் சீட்டைப் பின்னால் தள்ளிவைத்தேன், என் முழங்காலுக்கு ஒட்டி. சம்பந்தியின் இரும்புக் கம்பியைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள், பிள்ளையாரை இடம் மாற்றியவள், இந்தக் காரில் மிச்சமிருக்கிற ஒரே ஆபத்தைப் பட்டுப்புடவை கட்டி நானே கொண்டுவந்து ஏற்றியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. மெதுவாக, புடவை சரசரக்காமல், மாப்பிள்ளைக்குப் பின்பக்கமாக நகர்ந்தேன். நகர்ந்ததும் அவர் பிடரி தெரிந்தது, முடி வெட்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இவர் மட்டும் யார்? அந்தக் குழந்தையின் அப்பா. இவரைப் பெற்றவளும் கிளம்பும்போது வாசலில் நின்று, பார்த்துப் போய்வாப்பா என்றுதானே அனுப்பினாள். நடுவில் வந்தேன். நடுவில் இருந்தால் யார் சீட்டிலும் மோத மாட்டேன், நேரே முன்கண்ணாடிதான், அது பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது, ஆனால் போகிற போக்கில் என் தோள் அவள் தலையைத் தட்டிக்கொண்டுதான் போகும். தொங்குகிற பட்டையை இழுத்து இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். அது முடிச்சுக்கு நிற்கிற பட்டை இல்லை, வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. "அத்தை, என்ன தேடுறீங்க?" என்று மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் மாப்பிள்ளை என்று கத்த வந்தது, விழுங்கிக்கொண்டேன். மெதுவாகப் போங்கள் என்று சொல்லலாம். சொன்னால் போவார், நல்ல பிள்ளை. எதிரே வருகிறவருக்கு யார் சொல்வது?

துவரங்குறிச்சி என்று பச்சைப் பலகை வந்தது. "மாப்பிள்ளை, ஊருக்குள்ள திருப்பி பஸ் நிக்கிற எடத்துல நிறுத்துங்க." வாந்தி வருகிறதா, பாத்ரூம் போகணுமா என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். வேன் வர நேரமாகும், பஸ்ஸில் வருகிறேன் என்றதும் நித்திலா தூக்கம் கலைந்து முழுசாகத் திரும்பினாள், வளையல் எல்லாம் சேர்ந்து குலுங்கிற்று. "உனக்கென்ன பைத்தியமாம்மா? பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போற பிள்ளைய நடுரோட்டுல விட்டுட்டுப் பஸ்ல வருவியா? அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" டீசல் வாசனை மாதிரி ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை, அசந்துபோயிருந்தேன், பொய்க்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அதனால் சொல்லிவிட்டேன். "வண்டி எங்கயாச்சும் இடிச்சா நான் உன் மேலதான்டி வந்து விழுவேன். என்னைக் கட்டுறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. இடிச்சதுல நீ பொழச்சுக்குவ, நான்தான் உன்னைக் கொன்னுருவேன்." நல்ல நாளும் அதுவுமா ஏம்மா வாயில இப்படி வருது என்று அவள் அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை, "நாப்பதுலயே போறேன் அத்தை, வாங்க, உக்காருங்க" என்றார். இறங்கி, முன்கதவைத் திறந்து, ஏறியிருந்த கீழ்ப்பட்டையை மறுபடி தொடைமேல் இறக்கிவிட்டேன். வயிறு கையில் பட்டது, உள்ளே ஒரு அசைவு, குதிகாலோ முழங்கையோ. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் யாரும் இல்லாத சீட்டாகத் தேடினேன், நான் போய் விழ ஆளிருக்கக்கூடாது. கண்டக்டர் பின்னால் இடம் இருக்கும்மா என்று கை காட்டினார், வேண்டாம் என்று படிக்குப் பக்கத்தில் தனிச் சீட்டில் உட்கார்ந்தேன். பட்டுப்புடவையும் சந்தனமுமாக ஒருத்தி தனியாக வருவதைப் பக்கத்துச் சீட்டு அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். சண்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருப்பார். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டுகிறவரை கம்பியைப் பிடித்திருந்த கை பிறகு தானாகத் தளர்ந்தது. சம்பந்தி வீட்டுக்கு இந்நேரம் போன் போயிருக்கும், இவருக்கும் போயிருக்கும், ராத்திரிக்குள் சொந்தம் முழுக்கப் பேசும், அந்த அம்மாளுக்கு மூளை கலங்கிவிட்டது, ஆபீசில் செத்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டாள் என்று. பேசட்டும். விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நித்திலா. அழுது ஓய்ந்த குரல், சின்னப்பிள்ளையில் காய்ச்சல் விட்டதும் பேசுகிற குரல். "அம்மா, உக்கார எடம் கெடச்சுதா?" கெடச்சுது என்றேன். வளையல் சத்தம் கேட்டது, அவர்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் இருக்கிறாள். "திரும்பித் திரும்பிப் பாக்குறேன்மா. பின்னாடி சீட்டு காலியா இருக்கு. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"காலியாவே இருக்கட்டும்டி" என்றேன். "நீ திரும்பாம நேரா உக்காரு."